இன்சூரன்ஸுக்காக உடம்பு விவரம் கேட்டால்

ஆந்திராவின் தமிழ்நாட்டு எல்லையோரம் உள்ள குடிபாலாவிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு திசையிலும் போகிறார்கள். ஒரு பக்கம் சித்தூர், அதைத் தாண்டித் திருப்பதி, ஸ்ரீசிட்டி. இன்னொரு பக்கம் எல்லை தாண்டினால் காட்பாடி, வேலூர், ராணிப்பேட்டை. மாங்கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலையோ, செருப்புக் கம்பெனியோ, பேட்டரி கம்பெனியோ, ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங்கோ, எதில் சேர்ந்தாலும் சில நாளில் ஒரு ஃபாரம் கைக்கு வந்துவிடும். “இன்சூரன்ஸுக்கு. சாயந்திரத்துக்குள்ள நிரப்பிக் குடுத்துடுங்க” என்பார்கள். ஃபாரம் ஆங்கிலத்தில் இருக்கும். சுகர் உண்டா, பி.பி. உண்டா, ஆபரேஷன் ஆயிருக்கா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கர்ப்பமா, அப்பா அம்மாவுக்கு என்ன நோய் என்று வரிசையாகக் கேட்டிருக்கும்.

பலர் இதை நிரப்பும்போதே இரண்டு தப்பில் ஒன்றைச் செய்துவிடுகிறார்கள். ஒன்று, வேலை போய்விடுமோ என்று பயந்து எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிடுவது. அல்லது, கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் எழுதி, ரிப்போர்ட்டின் ஜெராக்ஸையும் சேர்த்து, லைன் சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிடுவது. முதல் தப்பு ஆஸ்பத்திரியில் படுக்கும்போது கிளெய்மைக் கெடுக்கும். இரண்டாவது தப்பு, வேலை செய்யும் இடத்தில் உங்களைப் பற்றிய பேச்சாகும்.

இந்த அத்தியாயம் சொல்லித் தருவது இரண்டுக்கும் நடுவில் உள்ள வழியை. நோயை மறைக்காதீர்கள். ஆனால் அந்தத் தகவல் யார் கை வழியாகப் போகிறது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிய வேண்டியது நேராக இன்சூரன்ஸ் கம்பெனிக்கே போகலாம். சூப்பர்வைசர் மேசையில் ஒரு நாள் கிடந்துவிட்டுப் போக வேண்டியதில்லை.

படி 1: கையில் இருப்பது எந்தக் காகிதம்?

‘மெடிக்கல்’ என்ற ஒரே பேரில் நான்கு வேறு வேறு காகிதங்கள் வரும். ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, நீங்கள் சொல்ல வேண்டியதும் வேறு. முதலில் இதைப் பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அ) இ.எஸ்.ஐ. பதிவு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு, மாற்றுத்திறனாளி என்றால் 25,000 வரை. உங்கள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், கம்பெனி 3.25 சதவீதம் கட்டும். பதிவுக்குத் தேவை பெயர், பிறந்த தேதி, முகவரி, குடும்ப உறுப்பினர் விவரம், நாமினி, வங்கிக் கணக்கு போன்றவைதான். என்ன நோய் இருக்கிறது என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே சுகர் இருந்தாலும் இ.எஸ்.ஐ. சிகிச்சை உண்டு. “இ.எஸ்.ஐ.க்காகத்தான் கேக்கறோம்” என்று சொல்லி யாராவது நோய்ப் பட்டியல் கேட்டால், அந்தக் காகிதம் இ.எஸ்.ஐ. காகிதம் இல்லை.

ஆ) குழு மருத்துவக் காப்பீடு. கம்பெனி தன் ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்துத் தனியார் அல்லது அரசு இன்சூரன்ஸ் நிறுவனத்தில் எடுக்கும் பாலிசி இது. 2020 ஏப்ரல் 15 அன்று, கொரோனா ஊரடங்கில் வேலையிடங்களைத் திறக்க மத்திய உள்துறை அமைச்சகம் போட்ட நிபந்தனைகளில் தொழிலாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம் என்பதும் ஒன்று. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதி இந்தப் பாலிசியைப் பற்றித்தான்.

இ) வேலைப் பாதுகாப்புக்கான பரிசோதனை. ஈயம், ரசாயனம் போன்ற ஆபத்தான வேலையில் இருப்பவர்களை வேலையில் போடும் முன்பும், பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் பரிசோதிக்க வேண்டியது முதலாளியின் கடமை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 41சி பிரிவு இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்தக் கடமை தொடர்கிறது. மாங்கூழ் போன்ற உணவுத் தொழிற்சாலையில், உணவைக் கையாளுபவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை பரிசோதனை செய்யும்படி உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. இவற்றுக்கு ஒத்துழையுங்கள். உங்கள் உயிருக்கும் சாப்பிடுகிறவர்கள் உயிருக்கும் அது நல்லது. பேட்டரி கம்பெனியில் ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்த்தால், அந்த அளவை எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். அந்தப் பதிவேட்டைப் பார்க்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

ஈ) ‘ஹெல்த் கேம்ப்’, செல்போன் ஆப். இவற்றுக்குப் பெரும்பாலும் எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. படி 6இல் பார்ப்போம்.

கேட்கும் விதம் இதுதான்:

“சார், இது இ.எஸ்.ஐ.யா, வேற இன்சூரன்ஸா?”
“எல்லாம் ஒண்ணுதாம்மா. எழுதிக் குடு.”
“இல்ல சார், பாலிசி எந்தக் கம்பெனின்னு சொல்லுங்க. டி.பி.ஏ. யாரு? எழுதி வெச்சுக்கறேன். ஆஸ்பத்திரில கேப்பாங்கல்ல.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எதிர்ப்பாகக் கேட்காமல் தேவையாகக் கேட்கிறீர்கள். பதில் சொல்ல அவருக்கும் சங்கடம் இருக்காது. டி.பி.ஏ. என்பது இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கார்டு கொடுத்து கிளெய்மைப் பார்க்கும் இடைநிறுவனம். அதன் பெயரும் போன் நம்பரும் பிற்பாடு மிகவும் உதவும்.

படி 2: கேள்விகளைப் பிரியுங்கள்

ஒரு பேனா எடுத்து, ஃபாரத்தின் ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் குறி போடுங்கள்.

தயங்காமல் கொடுக்கலாம்: பெயர், பிறந்த தேதி, ஆணா பெண்ணா, ஊழியர் எண், குடும்பத்தில் யார் யாரைச் சேர்க்கிறீர்கள், அவர்கள் வயதும் உறவும், நாமினி.

விசாரித்துக் கொடுக்க வேண்டியவை: இப்போது உள்ள நோய், எடுக்கும் மருந்து, நடந்த அறுவை சிகிச்சை.

குழுக் காப்பீட்டுக்குத் தேவையே இல்லாதவை: மாதவிலக்குத் தேதி, கருக்கலைப்பு, எத்தனை முறை கருத்தரித்தீர்கள், மனைவிக்கு என்ன குடும்பக் கட்டுப்பாடு, எந்த டாக்டரிடம் என்ன பேசினீர்கள், வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் போட்டோ.

கடைசிப் பட்டியல் கற்பனை இல்லை. நாட்டின் மிகப் பெரிய ஆயுள் காப்பீட்டு நிறுவனமான எல்.ஐ.சி.யே, வேலைக்குச் சேரும் பெண்களிடம் ஒரு காலத்தில் இப்படிக் கேட்டது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எப்போது வந்தது, எத்தனை முறை கருத்தரிப்பு, கருக்கலைப்பு ஆனதா என்றெல்லாம் உறுதிமொழிப் படிவத்தில் இருந்தது. நீரா மாத்தூர் என்ற ஊழியர் மகப்பேறு விடுப்பில் இருந்தபோது, அந்தப் படிவத்தில் தவறான தகவல் கொடுத்தார் என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார்கள். 1991 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அவரை மறுபடி வேலையில் சேர்க்கச் சொன்னது. இந்தக் கேள்விகள் பெண்ணின் கண்ணியத்தைக் கெடுப்பவை, படிவத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்றும் நிறுவனத்திடம் சொன்னது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் அதே வரிகள் உங்கள் ஃபாரத்தில் இருந்தால், அந்த வழக்கின் பெயரைச் சொல்லுங்கள். ‘நீரா மாத்தூர், எல்.ஐ.சி., 1991’ என்று ஹெச்.ஆரிடம் எழுதிக் கொடுத்தால் போதும்.

நடுப் பட்டியலுக்கு, ஹெச்.ஆரிடம் இரண்டு விஷயம் விசாரியுங்கள்:

1. “இந்தப் பாலிசில ஏற்கெனவே இருக்கற நோய்க்கு மொதல் நாள்ல இருந்தே கவர் உண்டா?” பல குழுப் பாலிசிகளில் உண்டு. உண்டென்றால், யாருக்கு என்ன நோய் என்று ஆள் ஆளாகக் கேட்க வேண்டிய காரணமே குறைந்துவிடுகிறது. அந்தப் பத்தியை வெறுமையாக விடலாமா என்று நேராகக் கேளுங்கள்.

2. “தனித்தனி மெடிக்கல் டெக்ளரேஷன் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்டதா, நம்ம ஆபீஸ் கேட்டதா?” இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் படிவத்தில் அந்தக் கம்பெனியின் பெயர் அச்சாகியிருக்கும். வெள்ளைத் தாளில் டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்ததாக இருந்தால், அது பெரும்பாலும் ஆபீஸில் யாரோ தயாரித்தது.

ஒரு குறிப்பு: அம்மா அப்பாவைப் பாலிசியில் சேர்க்கிறீர்கள் என்றால், அவர்கள் நோய் விவரம் அவர்களுடையது. எழுதும் முன் அவர்களிடம் கேளுங்கள். “எங்க அம்மாவுக்கு டி.பி. இருந்தது” என்று மகன் எழுதிய வரி, அதே ஊரிலிருந்து வேலைக்கு வரும் இன்னொருவர் கண்ணில் பட்டால் போதும், அம்மா தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

படி 3: எழுத்தில் கேளுங்கள்

2011 ஏப்ரலில் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள், உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவு ஆகியவற்றை ‘உணர்வுபூர்வமான தனிநபர் தகவல்’ என்ற பட்டியலில் வைக்கின்றன. கம்ப்யூட்டரில் இதை ஏற்றி வைக்கும் எந்த வணிக நிறுவனமும் உங்கள் எழுத்துபூர்வ ஒப்புதலை வாங்க வேண்டும். எதற்காக வாங்குகிறோம், யாருக்குப் போகும், எந்த நிறுவனம் வைத்திருக்கும் என்று சொல்ல வேண்டும். தர மாட்டேன் என்று சொல்லவும், கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் உங்களுக்கு வழி விட வேண்டும்.

2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைவிட விரிவானது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன. இதில் குடிபாலாக்காரர்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஓர் அம்சம் உண்டு. ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள ஏதாவது ஒரு மொழியிலோ படிக்கும் வசதி தர வேண்டும். தமிழும் தெலுங்கும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. ஆந்திராவில் வேலை செய்யும் தமிழருக்குத் தமிழிலும், தமிழ்நாட்டில் வேலை செய்யும் தெலுங்கருக்குத் தெலுங்கிலும் கேட்க இது வழி விடுகிறது. இப்போதே கேட்டுப் பழகுங்கள்.

அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. ஊழியர் தானே கேட்கும் சலுகைக்காக முதலாளி தகவலைக் கையாண்டால், தனியாக ஒப்புதல் வாங்கத் தேவையில்லை என்கிறது ஏழாவது பிரிவு. இன்சூரன்ஸும் சலுகைதான் என்று ஹெச்.ஆர். சொல்லலாம். எனவே நீங்கள் எந்தச் சலுகையைக் கேட்டீர்கள், அதற்கு எதைக் கொடுத்தீர்கள் என்பது உங்கள் கையெழுத்தோடு தேதி போட்ட தாளில் இருப்பது நல்லது. அடுத்த படி அதற்காகத்தான்.

படி 4: மூடிய உறையும் ஒரு பக்கக் கடிதமும்

நோய் விவரம் கொடுத்தே ஆக வேண்டிய பாலிசி என்றால் இப்படிச் செய்யுங்கள்.

1. ஃபாரத்தை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். பெயர், குடும்ப விவரம் ஒரு தாள். நோய்க் கேள்விகள் வேறு தாள்.

2. நோய்க் கேள்விகளுக்கு உண்மையை எழுதுங்கள். கேட்டதற்கு மட்டும். “கடந்த 36 மாதங்களில்” என்று கேட்டிருந்தால், பத்து வருஷத்துக்கு முன் வந்த மஞ்சள் காமாலையை எழுதத் தேவையில்லை. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிகளின்படி, ‘முன்பே இருந்த நோய்’ என்றால் பாலிசி தொடங்குவதற்கு முந்தைய 36 மாதத்துக்குள் கண்டுபிடிக்கப்பட்டது அல்லது டாக்டர் சிகிச்சை சொன்னது.

3. புரியாத கேள்விக்குக் கோடு போட்டுவிட்டுப் போகாதீர்கள். “கேள்வி புரியவில்லை, விளக்கம் வேண்டும்” என்று தமிழிலேயே எழுதுங்கள்.

4. அந்தத் தாளை உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் குறுக்காகக் கையெழுத்துப் போடுங்கள். மேலே இன்சூரன்ஸ் கம்பெனி அல்லது டி.பி.ஏ. பெயரும், ‘மருத்துவ விவரம்; பெறுநர் மட்டும் திறக்கவும்’ என்ற வரியும் எழுதுங்கள்.

5. டி.பி.ஏ.வுக்குச் சொந்த ஆப் அல்லது இணையதளம் இருந்தால் அதில் நீங்களே ஏற்றிவிடலாம். இதுதான் சுத்தமான வழி.

6. கூடவே கீழே உள்ள கடிதத்தை ஹெச்.ஆரிடம் கொடுத்து, இன்னொரு பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்.

கடித மாதிரி:

பெறுநர்: மனிதவள அலுவலர்
பொருள்: குழு மருத்துவக் காப்பீட்டுக்கான விவரங்கள்

ஐயா / அம்மா,

காப்பீட்டில் சேர்ப்பதற்கு எனது பெயர், பிறந்த தேதி, குடும்ப உறுப்பினர் விவரங்களை இத்துடன் கொடுத்துள்ளேன். உடல்நிலை பற்றிய பதில்கள் மூடிய உறையில் உள்ளன. அதைக் காப்பீட்டு நிறுவனம் அல்லது அதன் டி.பி.ஏ. மட்டும் திறக்கக் கேட்டுக்கொள்கிறேன். இந்த விவரங்களைக் காப்பீட்டைத் தவிர ஷிப்ட் ஒதுக்கீடு, பணி நீட்டிப்பு, பதவி உயர்வு, பணி நீக்கம் எதற்கும் பயன்படுத்த நான் ஒப்புதல் தரவில்லை. இவை யார் யாரிடம் பகிரப்படும், எவ்வளவு காலம் வைத்திருக்கப்படும் என்று எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

கையெழுத்து, ஊழியர் எண், தேதி

தெலுங்கு மட்டும் தெரிந்த அலுவலரிடம் வாயால் சொல்ல வேண்டியிருந்தால், “நா ஆரோக்ய விவராலு நேனு இன்சூரன்ஸ் வாள்ளகி நேருகா இஸ்தானு” என்றால் விஷயம் முடிந்தது.

பாதுகாப்பு: காண்ட்ராக்டர் மூலம் வேலைக்குப் போகிறவர்களுக்கு இங்கே ஆபத்து அதிகம். “நாளைலேர்ந்து வராதே” என்று சொல்வதற்குக் காரணம்கூடச் சொல்ல மாட்டார்கள். எனவே தனியாகப் போய் நிற்காதீர்கள். ஒரே லைனில் வேலை செய்யும் நான்கைந்து பேராவது சேர்ந்து ஒரே மாதிரிக் கடிதத்தை ஒரே நாளில் கொடுங்கள். நோய் இல்லாதவர்களும் உறை கொடுக்கட்டும். இது முக்கியம். உறை கொடுப்பவர் எல்லாம் நோயாளி என்ற நிலை வந்துவிட்டால் உறைக்கு அர்த்தமில்லை. எல்லோரும் மூடிக் கொடுத்தால், யாருக்கு என்ன என்று வெளியிலிருந்து தெரியாது. யூனியன் இருந்தால் அவர்கள் வழியாகப் பேசுவது இன்னும் நல்லது.

படி 5: கிளெய்ம் நேரத்தில்தான் அதிகம் கசிகிறது

சேரும்போது கவனமாக இருந்தவர்கள்கூட ஆஸ்பத்திரியில் படுக்கும்போது கவனம் விட்டுவிடுகிறார்கள். அது இயல்பு. வலியிலும் பணக் கவலையிலும் இருக்கும் நேரம். ஆகவே வீட்டில் இன்னொருவருக்கு இந்தப் பகுதியைப் படித்துச் சொல்லி வையுங்கள்.

முடிந்தவரை, கையிலிருந்து பணம் கட்டாத கேஷ்லெஸ் வழியில் போங்கள். குடிபாலாக்காரர்களுக்குப் பக்கத்திலேயே வேலூர் ஆஸ்பத்திரிகளும் சித்தூர் ஆஸ்பத்திரிகளும் இருக்கின்றன. எது உங்கள் பாலிசியின் பட்டியலில் இருக்கிறது என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே டி.பி.ஏ.வுக்குப் போன் போட்டுக் கேட்டு, கார்டின் பின்பக்கம் எழுதி வையுங்கள். கேஷ்லெஸில் காகிதம் ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் கவுண்டருக்கும் டி.பி.ஏ.வுக்கும் நடுவில் ஓடும். உங்கள் ஆபீஸுக்கு வர வேண்டிய அவசியம் குறைவு. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 மே மாத ஆணையின்படி கேஷ்லெஸ் அனுமதியை ஒரு மணி நேரத்துக்குள்ளும், டிஸ்சார்ஜ் ஒப்புதலை மூன்று மணி நேரத்துக்குள்ளும் முடிவு செய்ய வேண்டும். தாமதமானால் கவுண்டரில் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

பணம் கட்டிவிட்டுப் பிறகு வாங்கும் ரீஇம்பர்ஸ்மென்ட் என்றால், பல கம்பெனிகளில் ஃபைலை ஹெச்.ஆர். வழியாக அனுப்பச் சொல்வார்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, லேப் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில், மேசை மேல். அதைத் தவிர்க்க டி.பி.ஏ.வின் ஆப்பிலோ, பதிவுத் தபாலிலோ நேரடியாக அனுப்புங்கள். ஹெச்.ஆர். கையெழுத்து தேவைப்பட்டால், கையெழுத்துக்கான ஃபாரத்தை மட்டும் காட்டுங்கள். மருத்துவத் தாள்களை வீட்டிலேயே வையுங்கள்.

லீவு லெட்டருக்கு ‘மருத்துவச் சான்றிதழ்’ கேட்டால், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை ஓய்வு தேவைப்பட்டது, எப்போதிலிருந்து வேலைக்குத் தகுதி என்ற இரண்டு வரி பொதுவாகப் போதும். நோயின் பெயர் இல்லாமல் எழுதித் தர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

இன்னொரு கசிவு உங்கள் கண்ணுக்கே தெரியாமல் நடக்கும். பாலிசி புதுப்பிக்கும் நேரத்தில், அந்த வருஷம் எத்தனை கிளெய்ம், எவ்வளவு தொகை என்று ஒரு எக்செல் ஷீட் கம்பெனிக்குப் போகும். அதில் சில இடங்களில் ஆள் பெயரும் நோயின் பெயரும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பிரீமியம் ஏறியதற்கு யார் காரணம் என்று விரல் நீட்ட அது போதும். பெயரை எடுத்துவிட்டாலும் முப்பது பேர் வேலை செய்யும் இடத்தில் ‘இதய அறுவை, ஒருவர்’ என்று இருந்தால் அது யார் என்று எல்லோருக்கும் தெரியும். எனவே மொத்தத் தொகை மட்டும், பெயரும் நோயும் இல்லாமல் வாங்குங்கள் என்று உங்கள் குழுவாகச் சேர்ந்து ஹெச்.ஆரிடம் கோருங்கள். முதலாளிக்குப் பிரீமியம் பேசத் தேவைப்படுவது மொத்தத் தொகைதான்.

படி 6: கேம்ப், ஊசி, ஆப்

வேலையிடத்தில் இலவச ரத்தப் பரிசோதனை முகாம் போட்டால், கை நீட்டும் முன் மூன்று கேள்வி:

• என்னென்ன டெஸ்ட்? பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.
• ரிப்போர்ட் யார் கைக்கு வரும்? “உங்க கைக்கு மட்டும்” என்ற பதிலை எழுத்தில் கேளுங்கள்.
• இது பாதுகாப்புப் பரிசோதனையா, இன்சூரன்ஸுக்கா? ஒரே ஊசியில் இரண்டுக்கும் ரத்தம் எடுத்தால், பாதுகாப்புக்காகக் கொடுத்த ரத்தத்தின் முடிவு இன்சூரன்ஸ் பட்டியலுக்கும் போய்விடும். இரண்டையும் தனித்தனியாகச் செய்யச் சொல்லுங்கள்.

எச்.ஐ.வி. பரிசோதனை விஷயத்தில் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் (தடுப்பும் கட்டுப்பாடும்) சட்டம், 2017, வேலை தருவதற்கு எச்.ஐ.வி. டெஸ்ட்டை நிபந்தனையாக்குவதைத் தடை செய்கிறது. உங்கள் ஒப்புதல் இல்லாமல் டெஸ்ட் செய்யக் கூடாது. முடிவை வெளியில் சொல்லக் கூடாது. நூறு பேர், அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் இதற்கென ஒரு புகார் அலுவலரை நியமிக்க வேண்டும். இதற்கு இருபது வருஷம் முன்பே, 1997இல், ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தினக்கூலியாக இருந்தவரை எச்.ஐ.வி. காரணமாக மட்டும் ஒதுக்கியது தவறு, வேலை செய்யும் உடல் தகுதி அவருக்கு இருக்கிறது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முகாமில் ‘முழு பாடி செக்கப்’ என்று சொல்லி அதில் எச்.ஐ.வி.யையும் சேர்த்திருக்கிறார்களா என்று கட்டாயம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

மனநலச் சிகிச்சை எடுப்பவர்களுக்கு: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோய்க்கு எந்த அடிப்படையில் காப்பீடோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும் என்கிறது. அந்த விவரத்தை உறைக்குள் தைரியமாக எழுதலாம். லைன் லீடரிடம் சொல்ல வேண்டியதில்லை.

இனி ஆப். “தினமும் பத்தாயிரம் அடி நடந்தா பிரீமியம் குறையும், இந்த ஆப்பை டவுன்லோடு பண்ணுங்க” என்று சில நிறுவனங்கள் சொல்கின்றன. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் இதையே சொன்னார்கள். கோ365 என்ற ஆப்பில் உடல் விவரம் பதிய வேண்டும், பதியாதவர்கள் மாதம் 25 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றார்கள். 2018 பிப்ரவரி, மார்ச்சில் மாநிலம் முழுவதும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்குச் சம்பளத்தோடு சேர்ந்து இந்த ஆப் மீதான கோபமும் ஒரு காரணம். அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. உங்களிடம் ஆப் கேட்டால் செய்ய வேண்டியவை சில:

1. போடாவிட்டால் காப்பீடு நிற்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் நிற்காது.
2. போடுவதானால், இடம், தொடர்பு எண்கள், கேமரா ஆகியவற்றுக்கு ‘அனுமதி இல்லை’ என்று அழுத்துங்கள்.
3. வேலையை விடும் நாளில் ஆப்பை எடுப்பதோடு நிறுத்தாமல், அதில் உள்ள கணக்கையும் நீக்குங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்

• காலியான ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது. நிரப்புகிறவர் ‘நோய் இல்லை’ என்று எழுதினாலும் அது உங்கள் வாக்குமூலம்தான்.

• வாட்ஸ்அப் குரூப்பில் ஆதாரையும் ரிப்போர்ட்டையும் போடுவது. “குரூப்ல போடுங்க, நான் எடுத்துக்கறேன்” என்று ஹெச்.ஆர். சொன்னாலும் போடாதீர்கள். தனியாக அனுப்பிவிட்டு, அவர் பார்த்ததும் அழித்துவிடச் சொல்லுங்கள்.

• படிக்கத் தெரிந்த அண்ணன் ஒருவரிடம் முப்பது பேர் ஃபாரத்தையும் நிரப்பக் கொடுப்பது. அவர் நல்லவராகவே இருக்கலாம். முப்பது குடும்பத்தின் நோயும் ஒருவர் தலையில் ஏறுவது அவருக்கும் பாரம்தான். தேவையானால் வீட்டுப் பிள்ளையை வைத்து நிரப்புங்கள்.

• வேலையை விட்ட பிறகு மறந்துவிடுவது. குழுப் பாலிசி பொதுவாக வேலையோடு முடிகிறது. போகும் முன் தனிப் பாலிசிக்கு மாற வழி உண்டா என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடமே கேளுங்கள். அதே நாளில், தேவை முடிந்த உங்கள் மருத்துவ விவரங்களை அழிக்கச் சொல்லி ஹெச்.ஆருக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

• காப்பீடு கிடைக்காவிட்டால் வேறு வழியே இல்லை என்று நினைத்து எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது. ஆந்திராவில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு அரசின் என்.டி.ஆர். வைத்திய சேவா உண்டு. விவரத்துக்கு 104.

படி 7: தகவல் வெளியே போய்விட்டால்

வரிசை மாறாமல் போங்கள். ஒரு படியைத் தாண்டி அடுத்ததற்குப் போனால், “முதலில் அங்கே சொன்னீர்களா?” என்று திருப்பி அனுப்புவார்கள்.

முதல் நாள்: நடந்ததை எழுதி வையுங்கள். யார், எப்போது, எந்தக் குரூப்பில், யார் முன்னால் சொன்னார். ஸ்கிரீன்ஷாட் எடுத்து நம்பகமான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். கோபத்தில் அதே குரூப்பில் பதில் போடாதீர்கள்.

அடுத்து: கம்பெனியின் குறை தீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார். 2011 விதிகளின்படி இந்த அலுவலர் ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். வேலைக்கும் சம்பளத்துக்கும் ஏதாவது நடந்தால் அந்தத் தேதியையும் குறியுங்கள்.

தவறு இன்சூரன்ஸ் கம்பெனி அல்லது டி.பி.ஏ. பக்கம் என்றால்: அந்தக் கம்பெனியின் குறை தீர்ப்புப் பிரிவு. பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் புகார்ப் பிரிவான பீமா பரோசா, எண் 155255. கிளெய்ம் மறுப்பு போன்ற பிரச்சினைக்குப் பிறகு இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் இருக்கிறார். நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்துப் போனால் ஐதராபாத் அலுவலகம். இன்சூரன்ஸ் கிளை தமிழ்நாட்டில் இருந்தால் சென்னைக்கும் போகலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் வேலை செய்கிறவர்கள் தங்களுக்கு எது பக்கமோ அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆம்புட்ஸ்மேன் கேட்பது இன்சூரன்ஸ் கம்பெனி மீதான புகாரைத்தான்; உங்கள் முதலாளி கசியவிட்டதை அவரிடம் கொண்டு போக முடியாது.

தவறு முதலாளி பக்கம் என்றால்: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவின் கீழ், பாதுகாப்பில் அலட்சியத்தால் நஷ்டம் ஏற்பட்டிருந்தால் இழப்பீடு கேட்கலாம். மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர்தான் அதை விசாரிக்கும் அதிகாரி. ஒப்பந்தத்தின் கீழ் பெற்ற தகவலை, நஷ்டம் ஏற்படுத்தும் நோக்கில் ஒப்புதல் இன்றி வெளியிட்டால் 72ஏ பிரிவில் 25 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கும் இடமுண்டு. இவற்றைத் தனியாளாக நடத்துவது கடினம். சித்தூர் நீதிமன்றத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இலவச வக்கீல் தருவார்கள். எண் 15100.

அங்கே போகும்போது கையில் இருக்க வேண்டியவை: நிரப்பிய ஃபாரத்தின் ஜெராக்ஸ், ஹெச்.ஆர். கையெழுத்துப் போட்ட கடிதப் பிரதி, இன்சூரன்ஸ் கார்டு, ஸ்கிரீன்ஷாட்டின் பிரின்ட், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, காண்ட்ராக்டர் வழியாக வேலை என்றால் அவர் பெயரும் கேட் பாஸும். மருத்துவ ரிப்போர்ட்டை முதல் நாளே கொண்டு போகாதீர்கள். வக்கீல் கேட்டால், கேட்ட பக்கத்தை மட்டும் காட்டுங்கள்.